‘ஃப்ரீ’ என்னும் சிறு சொல்

(கழக வெள்ளி விழாவின் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



ஆங்கிலக் கல்வியைப் பற்றிப் பேசுமாறு கழகத்தார் பணித்தனர். பெரிய தலைப்புகளில் பேசுதற்கு இம்மேடையில் அறிஞர் பலர் உளர். நாமோ ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். சொல்லுக்குப் பொருள் கூறுவதே நம் அன்றாடத் தொழில். ஆதலின் இன்று ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பொருளையும் பிறப்பையும் கூறி அமைகின்றோம். நான்கே எழுத்துகள் கொண்ட அச்சொல் ‘ஃப்ரீ’ என்பது. அகராதி வேண்டாமலே இங்குள்ள குழந்தைகளும் அறிந்த சொல் அது.

இச்சொல்லை நாம் தேடிச் செல்லவில்லை. அதுவே நம்மைத் தேடி வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், நாம் பொறுப்பேற்றிருந்த பள்ளியில், அரசு வழங்கும் விலையில்லாப் புத்தகப் பையும் காலணியும் மாணவர்க்கு அளிக்கும் நாள் வந்தது. சிறப்பாகச் செய்ய வேண்டும் என்னும் ஆர்வத்தால் மேடை அமைத்து, ஒலிபெருக்கி கட்டி, ஊர்ப் பெரியவர்களை அழைத்து, ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லி மேடைக்கு வரவழைத்துப் புகைப்படம் எடுக்கவும் ஏற்பாடு செய்திருந்தோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெயரை மும்முறை அழைத்தும் அவள் எழுந்து வரவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளை. விழா முடிந்தபின் அறைக்கு அழைத்துக் காரணம் வினவினோம். நெடுநேரம் பேசாது நின்றவள், “ஃப்ரீயாகக் கொடுப்பதை எல்லார் முன்னும் வாங்கக் கூச்சமாக இருக்கிறது, சார்” என்றாள். பிறகு தலை நிமிராமலே, “ஃப்ரீ என்றால் தருமமா, சார்?” என்று கேட்டாள்.

நமக்கு உடனே விடை கூற இயலவில்லை. ஏனெனில் அவள் நின்ற இடத்தில் ஒரு காலத்தில் நாமும் நின்றிருந்தோம். ஆறாம் வகுப்பில் பயின்ற நாளில், சிறப்புக் கட்டணம் வாங்கும்போது, “ஃப்ரீ பசங்கள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்” என்பார் ஆசிரியர். நிற்போம். கட்டணம் இல்லை என்பது கூலி வேலை செய்த நம் தந்தையார்க்குப் பேருதவிதான். ஆயினும் பெயர்களை எண்ணி முடிக்கும் வரையில் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு நிமிடங்களை நாம் மறந்ததில்லை. அதே காட்சியைப் பல ஆண்டுகள் கழித்து, மாலையும் ஒலிபெருக்கியும் சேர்த்து, நாமே நடத்திவிட்டோம். தவறு நம்முடையது. அன்றிரவு அகராதிகளைப் புரட்டத் தொடங்கினோம். அங்குக் கண்டதையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலில் இன்றைய பொருள்களைக் காண்போம். பாடம் எடுக்க வேண்டாத வேளையை ஆசிரியர்கள் ‘ஃப்ரீ பீரியட்’ என்கின்றனர். வேலையின்றி இருப்பவரை நோக்கி, ‘ஃப்ரீயா?’ என்று கேட்கின்றோம். சர்க்கரை சேராத பண்டம் ‘சுகர் ஃப்ரீ’. கடைக்காரர் ஒன்று வாங்கினால் ஒன்று ‘ஃப்ரீ’ என்று பலகை வைக்கிறார். சொல்லுக்குச் சொல் பெயர்க்காது கருத்தைத் தழுவிச் செல்லும் மொழிபெயர்ப்பு ‘ஃப்ரீ டிரான்ஸ்லேஷன்’. சிறைப்பட்டவரை வெளியே விடுவதும், அடிமைத்தளையை அறுப்பதும் இச்சொல்லாலேயே குறிக்கப்படும். இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், ‘ஃப்ரீ’ என்பது ஓர் இன்மையைக் குறிப்பதாகவே தோன்றும். வேலை இல்லை, விலை இல்லை, சர்க்கரை இல்லை, தளை இல்லை. நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் சொல்லின் வரலாறு வேறொன்று கூறுகின்றது.

ஆங்கிலம் பிரிட்டன் தீவிலேயே தோன்றிய மொழியன்று. கி.பி. 5ஆம் நூற்றாண்டில், இன்றைய டென்மார்க்கும் வட ஜெர்மனியும் அமைந்துள்ள கடற்கரைப் பகுதிகளிலிருந்து ஆங்கிலர், சாக்சன், ஜூட் என்னும் கூட்டத்தார் அத்தீவில் குடியேறினர். அவர்கள் கொண்டு சென்ற ஜெர்மானியப் பேச்சே ஆங்கிலமாக வளர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘ஃப்ரேயோ’ என வழங்கிய இச்சொல், ஜெர்மனில் ‘ஃப்ரை’ என்றும், டேனிஷ், ஸ்வீடிஷ் மொழிகளில் ‘ஃப்ரி’ என்றும் இன்றும் வாழ்கின்றது. இக்குடும்பத்தில் விரிவான நூல் வடிவில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய மொழி கோத்திக். அதில் இது ‘ஃப்ரீஸ்’ எனப்படும். 4ஆம் நூற்றாண்டில் விவிலியத்தைக் கோத்திக் மொழியில் பெயர்த்தவர் உல்ஃபிலா என்னும் ஆயர். கோத்தியர் படையெடுத்துச் சென்று சிறைபிடித்து வந்த மக்களின் வழியில் பிறந்தவர் அவர் என்று பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் குறித்துள்ளார். சிறைபிடிக்கப்பட்டோரின் பேரப்பிள்ளை எழுதிய ஏட்டின் வழியாகவே ‘ஃப்ரீ’ என்னும் சொல்லின் அப்பழைய உருவம் நமக்குக் கிடைத்துள்ளது.

அந்தக் கோத்திக் மொழியில் ‘ஃப்ரீஸ்’ என்னும் சொல்லுக்கு அருகிலேயே ‘ஃப்ரியோன்’ என்றொரு வினைச்சொல் நிற்கின்றது. அதன் பொருள், ‘அன்பு செய்தல்’. பழைய ஆங்கிலத்திலும் இதன் உடன்பிறந்த வினைக்கு அன்பு செய்தல், விடுதலை செய்தல் என இரு பொருளும் உண்டு. அன்பிற்கும் விடுதலைக்கும் ஒரே வேர் எவ்வாறு அமைந்தது?

இதற்கு விடை காணச் சற்றுத் தொலைவு செல்ல வேண்டும். டென்மார்க் நாட்டு ராஸ்க் என்பார் 1818இலும், சிறுவர் கதைகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற ஜெர்மானியர் யாக்கோப் கிரிம் 1822இலும் ஓர் ஒழுங்கை எடுத்துக் காட்டினர். வடமொழி, இலத்தீன், கிரேக்கம் ஆகியவற்றில் சொல்லின் முதலில் பகர ஒலி நிற்கும் இடத்தில், ஜெர்மானிய மொழிகளில் ஃபகர ஒலி நிற்கும். பிதா என்பதற்கு இணையாக ‘ஃபாதர்’. பாதம் என்பதற்கு இணையாக ‘ஃபுட்’. பஞ்ச என்பதற்கு இணையாக ‘ஃபைவ்’. இந்த ஒழுங்கின்படி ‘ஃப்ரீ’ என்பதன் வடமொழி இணை எது? ‘ப்ரிய’ என்பதே. அன்பிற்குரிய, தனக்குரிய என்பது அதன் பொருள். தமிழ் அம்மொழிக் குடும்பத்தைச் சார்ந்ததன்று. ஆயினும் அச்சொல்லைக் கடன்பெற்றுப் ‘பிரியம்’ என வழங்கி வருகின்றோம். ஊருக்குச் செல்லும் பிள்ளையின் தலையைத் தடவித் தாய் காட்டுகின்ற பிரியமும், ஆங்கிலத்து ‘ஃப்ரீ’யும் ஒரு வேரில் கிளைத்தவை!

இவ்வுண்மையை ஏட்டில் கண்டபோது நாம் பெற்ற வியப்புக்கு அளவில்லை. மாணவர்களே, கோத்திக் மொழிக்கு இலக்கண நூல் எழுதிய பெரியார் ஒருவரைப் பற்றியும் ஈண்டு ஒரு சொல். ஜோசப் ரைட் என்பார் 1855இல் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஆறு வயதில் கல்குவாரியில் கழுதை வண்டி ஓட்டியவர். அடுத்து நூற்பாலைத் தொழிலாளி. 15 வயது வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பின்னர்த் தாமே முயன்று கற்று, 18 வயதளவில் உடன் உழைப்போர்க்கு இரவுப் பள்ளியும் நடத்தினார். முடிவில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியரானார். ஆங்கில வட்டார வழக்கு அகராதியை ஆறு பெருந்தொகுதிகளாக வெளியிட்டவரும் அவரே. காலம் கடந்துவிட்டது என்று எண்ணும் மாணவர் எவரேனும் இங்கிருப்பின், 15 வயதில் எழுத்தறிந்த அப்பேராசிரியரை நினைவிற்கொள்க.

இனி, ‘அன்பிற்குரிய’ என்னும் சொல் ‘அடிமையல்லாத’ என்னும் பொருளை அடைந்த வகையைக் காண்போம். பழங்காலத்து ஜெர்மானிய இல்லங்களில் இரு வகையினர் வாழ்ந்தனர். ஒரு வகையினர் வீட்டுத் தலைவனின் மக்களும் உற்றாரும். மற்றொரு வகையினர் போரில் பிடிபட்ட அடிமைகள். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், முன்னவர் ‘நம்மவர், பிரியத்திற்குரியவர்’, பின்னவர் அவ்வாறல்லர். இவ்வாறு, ‘நம்மவர்’ என்னும் சொல்லே நாளடைவில் ‘அடிமையல்லாதார்’ என்னும் பொருளைப் பெற்றது என்று மொழிநூலார் விளக்குவர். இதற்குத் துணையாக இலத்தீனையும் காட்டுவர். அம்மொழியில் ‘லீபெர்’ என்றால் அடிமையல்லாதவன். அதன் பன்மையாகிய ‘லீபெரி’ என்பது வீட்டின் பிள்ளைகளைக் குறிக்கும். வீட்டுக்குரிய பிள்ளை எவனோ அவனே விடுதலை பெற்றவன் என்பது இரு மொழியார்க்கும் ஒத்த கருத்து.

‘ஃப்ரீ’யின் உறவினரையும் அறிந்துகொள்க. அன்பு செய்தல் என்னும் அவ்வினையிலிருந்து பிறந்ததே ‘ஃப்ரெண்ட்’. அன்பு செய்கின்றவர் என்பது அதன் நேர்ப்பொருள். வெள்ளிக்கிழமையைக் குறிக்கும் ‘ஃப்ரைடே’, ஃப்ரிக் என்னும் பழைய ஜெர்மானியத் தெய்வத்தின் பெயரால் அமைந்தது; அத்தெய்வத்தின் பெயரும் இவ்வேரினதே. ஜெர்மனில் ‘ஃப்ரீடன்’ என்றால் அமைதி. அவ்வமைதிச் சொல் ஃபிராங்கியர் வாயிலாகப் பிரெஞ்சு மொழியில் புகுந்து, ‘அமைதியினின்று வெளியேற்றப்பட்ட’ என்னும் பொருளோடு ஆங்கிலத்திற்குத் திரும்பி ‘அஃப்ரெய்ட்’ ஆயிற்று. அஞ்சிய நிலை என்பது அமைதிக்குப் புறத்தே தள்ளப்பட்ட நிலை. விடுதலை, நட்பு, அமைதி ஆகிய மூன்றும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்; அவ்வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு வாய்ப்பது அச்சம்.

அன்பர்களே! இதுகாறும் இச்சொல்லின் ஒளியுள்ள பக்கத்தையே கூறினோம். மறுபக்கத்தையும் கூறாவிடின் நாம் நேர்மையுடையோர் ஆகோம். ‘நம்மவர்’ என்று கோடு கிழித்தவுடன், கோட்டுக்கு அப்பால் சிலர் நின்றாக வேண்டும். ஆங்கிலம் அவர்களையும் மறைக்காது பதிவு செய்து வைத்துள்ளது. ‘ஸ்லேவ்’ என்னும் அடிமைச்சொல், இடைக்காலத்தில் பெருவாரியாகப் பிடித்து விற்கப்பட்ட ஸ்லாவ் இன மக்களின் பெயரே. ‘வெல்ஷ்’ என்னும் இனப்பெயரின் பழைய உருவம் முதலில் அயலாரைக் குறித்துப் பின்னர் அடிமையையும் குறித்தது. மாறாக, வெற்றி பெற்ற ஃபிராங்கு இனத்தார் பெயர் ‘ஃப்ராங்க்’ என ஆகி, விடுதலையுடையவர், ஒளிவுமறைவின்றிப் பேசுபவர் என்னும் உயர்பொருளை அடைந்தது. ஓர் இனத்தின் பெயரே இழிவுச் சொல்லாகவும், இன்னோர் இனத்தின் பெயரே பெருமைச் சொல்லாகவும் ஆக்கப்படுவது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று.

பழைய நார்வே, ஐஸ்லாந்து மொழியில் விடுதலையுடையவனைக் குறிக்கும் சொல் ‘ஃப்ரியால்ஸ்’. ‘ஃப்ரீ’ என்பதோடு கழுத்து என்னும் பொருளுடைய ‘ஹால்ஸ்’ சேர்ந்து அமைந்தது அது. கழுத்தில் அடிமை வளையம் இல்லாதவன் என்பது கருத்து. இதே கூட்டுச்சொல் பழைய ஆங்கிலத்தில் ‘ஃப்ரேயோல்ஸ்’ என வழங்கி, விடுதலை என்றும், திருவிழா என்றும் இரு பொருள் தந்தது. கழுத்து விடுபட்ட நாளே திருநாள்!

1086ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நிலங்களையும் குடிகளையும் கணக்கிட்ட ‘டூம்ஸ்டே’ ஏட்டில், பதிவான மக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அடிமை. 1215இல் எழுந்த மாக்னா கார்ட்டா என்னும் உரிமைச் சாசனத்தை உலகம் போற்றுகின்றது. அதில் சட்டத்தின் காப்பு அளிக்கப்பட்டது ‘ஃப்ரீ’யான மனிதனுக்கே. பண்ணை நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த உழவர் பெருந்தொகையினர் அக்காலத்தில் அச்சொல்லுள் அடங்கவில்லை. பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியபோதும், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை விலக்கி வைத்தது. ஆதலின் சென்னை மாகாணத்து வயல்களில் தலைமுறை தலைமுறையாக அடிமையாளாக உழைத்த நம் முன்னோர்க்கு அச்சட்டம் பயன்படவில்லை. இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டத்தின் துணை இல்லை என்னும் நிலை 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தால் வந்தது. சட்டம் வந்தபின்னும் கடனென்றும் பண்ணையமென்றும் பெயர் மாறி அத்தளை நெடுங்காலம் நீடித்ததை நம் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டவர் இங்குப் பலர் இருப்பீர்கள். சொல்லின் எல்லை ஒவ்வோர் அடியாகவே விரிந்தது. விரித்தவர்கள் பெரும்பாலும் எல்லைக்கு வெளியே நின்றவர்களே.

இனி அம்மாணவி கேட்ட வினாவிற்கு வருவோம். ‘விலையில்லாத’ என்னும் பொருள் இச்சொல்லுக்கு எப்போது வந்தது? ஆங்கிலத்தில் அது 16ஆம் நூற்றாண்டளவில் தோன்றியது. அச்சொல்லின் நெடிய வாழ்வில் அது பிற்காலத்துப் பொருளே. அது வந்த வழியும் கருதத்தக்கது. அடிமையல்லாதவன் உயர்குடியினன் எனப்பட்டான்; உயர்குடியினன் கொடைக்குணம் உடையவன் எனப்பட்டான். 1400இல் மறைந்த கவிஞர் சாசர் காலத்தில் ‘ஃப்ரீடம்’ என்பதற்குப் பெருந்தன்மை என்னும் பொருளும் இருந்தது. தடையின்றி மனமுவந்து அளிப்பது என்னும் அக்கருத்தை ஒட்டியே ‘கைம்மாறு வேண்டாது தருவது’ என்னும் பொருள் கிளைத்தது. இதில் பெறுபவனைத் தாழ்த்தும் குறிப்பு யாண்டும் இல்லை. தாழ்வைச் சேர்த்தவர்கள் நாமே.

நம் மக்களின் கல்வி வரலாற்றில் இச்சொல் ஒரு பெயர்ப்பலகையிலும் இடம்பெற்றது. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் நம் குழந்தைகளுக்கென முதற்பள்ளியைத் தொடங்கினார். அதனைத் தொடர்ந்து ஏற்பட்டவையும் சேர்ந்து ‘ஆல்காட் பஞ்சமர் ஃப்ரீ ஸ்கூல்’கள் என அழைக்கப்பட்டன. பஞ்சமர் என்பது நால்வருணத்திற்குப் புறத்தே ஐந்தாமவர் என நம்மை நிறுத்திவைத்த சொல். ‘ஃப்ரீ’ என்பதோ வேரில் ‘வீட்டுக்குரியவர்’ எனக் குறித்த சொல். புறத்தே தள்ளிய சொல்லும் அகத்தே அழைத்த சொல்லும் ஒரே பலகையில் அருகருகே நின்றன. பலகை எழுதியவர் இதனை எண்ணியிருக்கமாட்டார். எனினும் அதன்பின் வந்த போராட்டம் முழுவதும், அவ்விரு சொற்களுள் முதலாவதை அழித்து இரண்டாவதை மெய்ப்பிக்கும் முயற்சியே எனலாம்.

அம்முயற்சியின் சிகரமாக நிற்பது, அண்ணல் அம்பேத்கரைத் தலைவராகக் கொண்ட குழு வரைந்த அரசியலமைப்பு. அதன் 45ஆம் பிரிவு, 14 வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ‘ஃப்ரீ’யாகவும் கட்டாயமாகவும் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்று கூறிற்று. 2002இல் செய்யப்பட்ட 86ஆம் திருத்தம், 6 முதல் 14 வயது வரையில் அதனையே அடிப்படை உரிமையாக்கி, 21-அ என்னும் பிரிவாகச் சேர்த்தது. அதனைச் செயற்படுத்தும் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பள்ளியில் நம் பிள்ளை பெறும் கல்வி எவரும் இரங்கி இட்டதன்று. நாட்டின் தலையாய சட்டம் அக்குழந்தைக்கு உரியது என்று எழுதிக் கொடுத்தது. தமிழக அரசும் 2011 முதல் ‘இலவசம்’ என்பதை விடுத்து ‘விலையில்லா’ என்னும் அடைமொழியை வழங்கலாயிற்று. பெயரை மாற்றுவது எளிது. கொடுக்கும் கையின் முறையும் மாற வேண்டுமன்றோ?

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் ஆற்றிய உரையில், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றும் பிரிக்கலாகாதவை என்றும், சகோதரத்துவம் இல்லையேல் மற்ற இரண்டும் மேற்பூச்சாகவே இருக்கும் என்றும் எச்சரித்தார். ஈண்டு மாணவர்க்கு ஓர் இலக்கணக் குறிப்பு: சகோதரத்துவத்தைக் குறிக்கும் ‘ஃப்ரெட்டர்னிட்டி’ என்னும் ஆங்கிலச் சொல், ஒலி ஒத்திருப்பினும், ‘ஃப்ரீ’ என்பதற்கு உறவன்று. அது இலத்தீன் வழிவந்தது. அதன் ஜெர்மானிய இணை ‘பிரதர்’. ஒலி ஒத்தவை எல்லாம் உறவென்று கொள்ளலாகாது. ஆயின் ‘ஃப்ரெண்ட்’ உண்மையான உறவு. அதனை நினைவிற்கொண்டு அண்ணலின் எச்சரிக்கையைப் பார்த்தால், அச்சொல்லின் வேரும் அதையே கூறுவது விளங்கும். நட்பின்றி அளிக்கப்படும் விடுதலை, தன் உடன்பிறப்பை இழந்த சொல்.

ஆதலின் இவ்வெள்ளி விழாவில் கழகத்தார்க்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். மாலை வகுப்புகளில் எவர் கட்டணம் செலுத்தினர், எவர் செலுத்தவில்லை என்பது பதிவேட்டோடு நிற்கட்டும். வகுப்பறையில் வாய்விட்டு அழைக்க வேண்டா. உதவிப் பொருள் வழங்கும்போது குழந்தையின் முகத்தைப் புகைப்படமாக்க வேண்டா. மூன்றாவதாக, இக்கழகத்தில் பயின்று பணியில் அமர்ந்தோர் மாதம் ஒரு நாளேனும் இங்கு வந்து பிள்ளைகளோடு அமர வேண்டும். பணம் அனுப்புவது நன்று. உறவினராய் வருவது அதனினும் நன்று.

இன்னொரு சொல்லையும் கூறி முடிக்கின்றோம். நாம் கொண்டாடும் ‘ஜூபிலி’ என்பது ஜெர்மானியச் சொல்லன்று. எபிரேய மொழியிலிருந்து வந்தது. யூதர்களின் பழைய சட்டப்படி ஐம்பதாம் ஆண்டு ஜூபிலி ஆண்டு. அவ்வாண்டில் அடிமைப்பட்டோர் விடுதலை பெற்றுத் தத்தம் குடும்பத்திற்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. விடுதலை என்பது வீடு திரும்புதல் என அங்கும் கண்டனர். அவ்வைம்பதில் நாம் பாதி வழி வந்துள்ளோம்.

அடுத்த ஆண்டு நம் பள்ளியில் மேடை அமைக்கவில்லை. பைகளையும் காலணிகளையும் முதல் நாள் மாலையிலேயே அளவு பார்த்து, அவரவர் இருக்கையில் ஆசிரியர்களே வைத்துவிட்டோம். காலையில் பிள்ளைகள் வந்து தத்தம் பொருளை எடுத்துக்கொண்டனர். அப்போது ஒன்பதாம் வகுப்பிலிருந்த அம்மாணவி, புதிய காலணியை அணிந்துகொண்டு நம் அறை வாயிலைக் கடந்து சென்றாள். அன்று ஒன்றும் கேட்கவில்லை. அவள் முன்பு கேட்ட வினாவிற்கு விடையாகவே இன்று இவ்வளவும் பேசினோம். இல்லையம்மா, ‘ஃப்ரீ’ என்றால் தருமம் அன்று. நீ இவ்வீட்டுப் பிள்ளை என்று பொருள்.